தூக்கத்தில் போட்ட ஓட்டு

வெஸ்ட்மின்ஸ்டர், கிங் தெரு
1648 டிசம்பர் 8

மச்சான் ஒபதியா கேரவே அவர்களுக்கு, உங்கள் தங்கையின் புருஷன் பார்னபி டில்காட் எழுதுவது.

வெட்கக்கேடான விஷயத்தை முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். மற்றதை அதற்குப் பிறகு திட்டலாம். நான் தூங்கிவிட்டேன். நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானித்த அந்த வாக்கெடுப்பின்போது, பார்லிமெண்டின் மூன்றாவது பெஞ்சில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தொப்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக.

நடந்தது உங்களுக்கே பாதி தெரியும். ராஜா அனுப்பிய பதிலை வைத்துச் சமாதானம் பேசலாமா கூடாதா என்று திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்த பேச்சு, செவ்வாய் விடியும்வரை ஓடியது. 'பேசலாம்' என்று நீங்கள் ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். ராணுவத்துக்காரர்களின் முகம் புளித்த பீர் குடித்ததுபோல் ஆனது. பாதி ராத்திரியில் உங்கள் வாதக்கால் வீங்கிவிட்டது. எழுந்து, என் தோளைப் பிடித்து, "மாப்பிள்ளை, என் ஓட்டும் சேத்து உம்ம தலையிலதான் இருக்கு. 'ஆம்'னு சொல்லிட்டு வாரும்" என்றீர்கள். "நீங்க போய்ப் படுங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்குச் சபாநாயகர் பிரிந்து நிற்கச் சொன்னார். ஒரு கட்சி எழுந்து வெளியே போக வேண்டும், மற்றது உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் கட்சி எழ வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் அவர்தான் சொல்வார். 'ஆம்' என்பவர்கள் வெளியே போங்கள் என்றாராம். எனக்கு எங்கே கேட்டது? நான் வாத்துக்கறிப் பணியாரம் ஒன்றைக் கனவில் அறுத்துக்கொண்டிருந்தேன். யாரோ கோலால் முழங்காலில் தட்டினார்கள். விழித்துப் பார்த்தால், எண்ணுகிறவர் சந்தையில் ஆட்டுத் தலை எண்ணுவதுபோல் என் தலையையும் 'இல்லை'யில் சேர்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எழுந்து சொல்லலாம் என்று பார்த்தேன். கால் மரத்துப்போயிருந்தது. அப்படியும் 'ஆம்' கட்சி ஜெயித்தது, ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை என்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை காலை மாடிப்படியில் கர்னல் பிடிக்க வேண்டியவர்களின் பெயர் எழுதிய காகிதத்தோடு நின்றது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தபோது நான் மூன்று படி பின்னால் இருந்தேன். அடுத்தது நான். அவர் விரல் காகிதத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. எனக்கு மூத்திரம் முட்டியது. "டில்காட்... டில்காட்... இல்லை. நீங்க உள்ளே போங்க ஐயா" என்றார்.

போனேன். "மாப்பிள்ளை" என்று நீங்கள் கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாததுபோல் போனேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

ராணுவத்துக்கு நான் ஆள் காட்டிக் கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னைக் காப்பாற்றியது என் தூக்கம். படித்ததும் இதை எரித்துவிடுங்கள். ரொட்டிக்கூடையில் வைத்து அனுப்புகிறேன். ரொட்டி காவல்காரனுக்குக் கொடுக்க.

பார்னபி


ஸ்ட்ராண்டு, அன்னப்பறவைச் சத்திரம்
டிசம்பர் 11

மாப்பிள்ளை பார்னபி டில்காட்டுக்கு,

ரொட்டியைக் காவல்காரன் தின்றான். கடிதத்தை நான் கண்ணால் தின்றேன், வேறு சாப்பாடு அன்று வரவில்லை.

எங்களை முதல் ராத்திரி எங்கே அடைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர். சபைக்குக் கீழே இருக்கிறதே, 'நரகம்' என்று பெயர் வைத்த அந்தச் சாப்பாட்டுக் கடை. எத்தனை நாள் அங்கே உட்கார்ந்து நீரும் நானும் சிப்பி தின்றிருக்கிறோம். நாற்பது பேருக்குப் படுக்கை கிடையாது. அறுபது வயது மனிதர்கள் தின்னும் பெஞ்சில் குளிரில் விறைத்தார்கள். ஒரு சிப்பாய்ப் பயல் கதவைத் திறந்து, "நரகம் எப்படி இருக்கு பெரியவங்களே, சூடு போதுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

காலையில் பல் விளக்கத் தண்ணீர் கேட்டேன். "நாளைக்கு உங்க கழுத்து இருந்தா பல்லைப் பாக்கலாம்" என்றான். அவனுக்கு அது தமாஷ். எனக்கு அன்றிலிருந்து காலர் பட்டி இறுக்கமாகவே இருக்கிறது.

என் பெஞ்சில் பக்கத்தில் படுத்தவர் டெவன்காரர், வயதானவர், கடைசிவரை சபையில் இருந்தவர். தூக்கம் வராமல் செவ்வாய்க்கிழமை விடியற்காலை நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டேன். பிறகு உம்முடைய கடிதம் வந்தது. தூக்கம் பற்றிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன். வாத்துக்கறிப் பணியாரம் நன்றாக இருந்தது.

சரி. தூங்கிப்போய்த்தான் 'இல்லை'யில் விழுந்தீர் என்றால் அதைத் திருத்துவது சுலபம். சபாநாயகர் முன்னால் எழுந்து, "என் ஓட்டு 'ஆம்', நான் இவர்கள் ஆள் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லும். உடனே உம்மையும் பிடித்து இங்கே கொண்டுவந்து விடுவார்கள். என் பெஞ்சில் இடம் இருக்கிறது. சொல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தால், நாளைக்கு அவர்கள் செய்யப்போவது எல்லாவற்றிலும் உம்முடைய தலையும் ஒரு தலையாக எண்ணப்படும். அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது இங்கே சமையல்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ராஜாவைப் பற்றிப் பேசினால் அவள் கறிக்கத்தியைக் கீழே வைத்துவிடுகிறாள்.

தாமசினுக்கு நான் என்ன எழுதட்டும்? உம் பெண்டாட்டி ஆவதற்கு முன்னால் அவள் என் தங்கை.

எரிக்கச் சொன்னீர். என் அறையில் அடுப்பு இல்லை.

ஒ. கேரவே


கிங் தெரு
டிசம்பர் 22

மச்சான் அவர்களுக்கு,

சொல்லத்தான் போனேன். நம்புங்கள். பதிமூன்றாம் தேதி காலையில் துணிந்து, இரண்டு கோப்பை சூடான மது உள்ளே போட்டுக்கொண்டு, வாசலில் வாக்கியத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டே போனேன். "கனம் சபாநாயகர் அவர்களே, என் ஓட்டு..." கதவண்டை நின்ற சிப்பாய் எச்சில் துப்பினான். என் பூட்ஸின் மேல் அல்ல, பக்கத்தில்தான். வாக்கியம் மறந்துபோயிற்று.

சபையைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும். மாதா கோயிலில் மழைநாள் கூட்டம்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள். நாற்பது பேர் இருந்தால்தான் சபை. முப்பத்தொன்பது வரை வந்து நின்றுவிடுகிறது. அப்போது சிப்பாய்களை வீடு வீடாக அனுப்புகிறார்கள். போன செவ்வாய் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஐயா, நாற்பதாவது ஆள் நீங்கதான், வாங்க" என்றார்கள். வாயில் இருந்த பாலாடைக்கட்டியோடு நாட்டை ஆளப் போனேன்.

இருபதாம் தேதி இன்னொன்று கொண்டுவந்தார்கள். உள்ளே உட்கார வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, 'டிசம்பர் ஐந்தாம் தேதி நிறைவேறிய சமாதானத் தீர்மானத்தை நான் மறுக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். குமாஸ்தா பெயரை எழுதிக்கொள்வார். என் முறை வந்தது. குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பேனாவின் மூக்கில் ஒரு மைத்துளி தொங்கியது. அது விழுவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பட்டது. "மறுக்கிறேன்" என்றேன். துளி என் பெயரின்மேலேயே விழுந்தது.

நீங்கள் என்னைத் திட்டுவது நியாயம். ஆனால் மச்சான், நீங்கள் ஏற்கெனவே பிடிபட்டவர். உங்களுக்கு இனிமேல் பிடிபடுகிற பயம் இல்லை. எனக்கு அது தினமும் காலையில் புதிதாக வருகிறது. மாடிப்படியில் யார் ஏறினாலும் மெழுகுவர்த்தியை அணைத்துவிடுகிறேன். நேற்று அப்படி அணைத்து, வீட்டுக்காரி மார்ஜரி அம்மாள் கொண்டுவந்த சூப்பு முழுவதும் என் மடியில்.

தாமசினுக்கு நான் நலம் என்று எழுதுங்கள். தொடை மட்டும் வெந்திருக்கிறது.

எரித்துவிடுங்கள்.

பார்னபி


ஸ்டோக் மில்டன், சாமர்செட்
1649 ஜனவரி 5

மாப்பிள்ளைக்கு,

கிறிஸ்துமஸ் அன்று எங்களில் சிலரை விட்டுவிட்டார்கள். 'இனி வாயைத் திறக்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். என் கால் வீங்கியிருந்த அளவைப் பார்த்துவிட்டு, இவன் எங்கே ஓடப்போகிறான் என்று அப்படியே அனுப்பிவிட்டார்கள். வீரம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வாதம் என்று நான் சொல்லவில்லை. பாரும், நானும் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை.

தாமசின் என் வீட்டில்தான் இருக்கிறாள். உம்முடைய கடிதங்களைக் காட்டச் சொன்னாள். தூக்கத்தைப் பற்றியதை மட்டும் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். பிறகு, "அண்ணே, அவர் உக்காந்துகிட்டுத் தூங்கினா குறட்டை வரும். பக்கத்துல இருந்த யாரும் எழுப்பலியா?" என்று கேட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ராஜாவை விசாரிக்க நீதிமன்றம் வைக்கிறார்கள், நூற்று முப்பது பேருக்குக் குறையாமல் நீதிபதிகளாகப் போடுகிறார்கள் என்று தபால்காரன் வரை பேசுகிறான். தேறிய ஆட்கள் குறைவு. நாற்பதாவது ஆளாக இழுத்துக்கொண்டு போனவர்கள் இதிலே உம்மை விடுவார்கள் என்று நினைக்கிறீரா? பெயர் வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லும். ஊரில் மாமியார் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லும். உம் மாமியார் என் அம்மாதான், செத்து ஒன்பது வருஷம் ஆகிறது, கோபித்துக்கொள்ள மாட்டாள். தலையை வாங்குகிற பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதேயும். இன்றைக்குச் சிப்பாய்கள் இருக்கிறார்கள், சரி. ராஜாவுக்குப் பதினெட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவன் ஒருநாள் வருவான். வந்து முதல் வேலையாக அந்தக் காகிதத்தைத்தான் தேடுவான்.

தாமசின் சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பத்திரத்தில் பேனா பிடித்த கை என்னைத் தொட வேண்டாம்."

ஒ. கேரவே


கிங் தெரு
ஜனவரி 23

மச்சான் அவர்களுக்கு,

பெயர் வந்துவிட்டது.

உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். "பல்லக்கு அனுப்பறோம்" என்று பதில் வந்தது. சனிக்கிழமை போனேன், நேற்றும் போனேன். பெரிய மண்டபத்தில் பலகை பலகையாக ஏற்றி பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். எனக்கு முன்பே அங்கே நாலு பேர். தூணுக்குப் பின்னால் உட்காரத்தான் அத்தனை போட்டி.

தலைமை நீதிபதி தொப்பிக்குள் இரும்புத் தகடு வைத்துத் தைத்திருக்கிறார், யாராவது மாடத்திலிருந்து சுட்டால் தாங்குமாம். அதைக் கேட்டதிலிருந்து என் மண்டை அரிக்க ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை மார்ஜரி அம்மாளின் தகரத் தட்டு ஒன்றைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போனேன். பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன். தட்டு நழுவி மூக்கின்மேல் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த நார்ஃபோக்காரர், "டில்காட், உம்ம சாப்பாட்டைத் தலையிலயே எடுத்துட்டு வந்துட்டீரா?" என்றார். சொல்லிவிட்டு அவரே தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார். நாங்கள் எல்லோருமே இப்போது இப்படித்தான் தமாஷ் பண்ணுகிறோம்.

ராஜா நேராகப் பார்க்கிறார். எங்களை ஒவ்வொருவராக, வரிசை வரிசையாக. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தூண்வரை வந்த பார்வை, தூணைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்ததுபோல் இருந்தது. என்னை அவருக்குத் தெரியவே தெரியாது, ஆனால் இனி மறக்க மாட்டார் என்று தோன்றியது.

அடுத்தது தீர்ப்பு, அதற்கப்புறம் பத்திரம். ஓவியம் தீட்டிய அந்தப் பெரிய அறையில் காகிதத்தை மேஜைமேல் விரித்துவைத்து, ஒவ்வொருவராகக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கப்போகிறார்களாம். போட மாட்டேன் என்றால் கூண்டில் நிற்கிறவருக்குப் பக்கத்தில் நமக்கும் இடம் பார்ப்பார்கள். போட்டால் நீங்கள் சொன்ன அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை.

தாமசின் சொன்னது கிடைத்தது. வலது கையை மூன்று நாளாகப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

எரித்துவிடுங்கள், எரித்துவிடுங்கள்.

பார்னபி


கிங் தெரு, படுக்கையிலிருந்து
ஜனவரி 31

மச்சான் அவர்களுக்கு,

நான் போடவில்லை. அதை முதலில் தாமசினிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

எப்படித் தப்பினேன் என்பது மரியாதையான கதை இல்லை. பார்லிமெண்டைக் காலி பண்ண ராணுவம் எதைக் கொடுத்ததோ, அதையே நான் எனக்குக் கொடுத்துக்கொண்டேன். பேதிதான். சனிக்கிழமை தீர்ப்பு என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் நிலாவாரை இலையும் ரேவல்சின்னிக் கிழங்கும் வாங்கினேன். "எத்தனை பேருக்குங்க?" என்று கடைக்காரன் கேட்டான். "ஒருத்தனுக்குத்தான், கொஞ்சம் பெரிய பாவி" என்றேன். மூன்று பேருக்கான அளவை ஒரே மூச்சில் குடித்தேன்.

அதன்பிறகு நான்கு நாட்களாக நான் வகித்த ஒரே ஆசனம் மார்ஜரி அம்மாளின் பீங்கான் தொட்டி.

திங்கட்கிழமை பத்திரத்தோடு ஆள் தேடினார்கள். ஒரு லெஃப்டினென்ட், இரண்டு சிப்பாய்கள். மார்ஜரி அம்மாள் மாடிப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். நான் மேலே கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டில்காட் இருக்காரா?"

"இருக்காரு. பாதி இருக்காரு. மீதி போயிட்டே இருக்கு."

"அஞ்சு நிமிஷ வேலை. ஒரு கையெழுத்து."

"தம்பி, அவரு கையெழுத்துப் போட எந்திரிச்சா உன் பத்திரத்துல வேற ஏதாவது விழும். மூக்கு இருக்குல்ல? மேல போய்ப் பாத்துக்க."

அவன் இரண்டு படி ஏறினான். நின்றான். மெதுவாக இறங்கினான். "நாளைக்கு வர்றோம்" என்றான். அந்த 'நாளை'யில் எனக்கு உயிர் ஒரு தரம் போய் வந்தது. ஆனால் மறுநாள் அவர்களுக்கு என் கையெழுத்து தேவைப்படவில்லை. வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது.

நேற்று மத்தியானம் ஜன்னல் சாத்தியிருந்தது. படுத்திருந்தேன். இரண்டு மணி அடித்தது. ராஜாவுக்கு மேடை போட்டிருந்த வைட்ஹால் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கூச்சல் இல்லை, அழுகை இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் வயிற்றில் குத்துப்பட்டதுபோல் ஒரு முனகல். மார்ஜரி அம்மாள் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நானும் அவளும் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் குதிரைகள் வந்து தெருவைக் காலி பண்ணின.

இனிமேல் யார் எதற்குப் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. இதை எரிக்கச் சொல்லக் கை வரவில்லை. உங்கள் இஷ்டம்.

பார்னபி


இடம் எழுதவில்லை
1660 ஜூன் 14

மச்சான் அவர்களுக்கு,

பதினோரு வருஷம் கழித்து இப்படி ஒரு கடிதம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. நடுவில் நாம் எழுதிக்கொண்டதெல்லாம் பன்றி விலையும் உங்கள் காலும்தான். தாமசின் அந்த வருஷம் வசந்தத்தில் என்னிடம் திரும்பி வந்தபோது, என் வலது கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

நீங்கள் சொன்னபடியே அந்தப் பிள்ளை வந்துவிட்டான், கப்பலில், மணியோசையோடு. நீங்களும் சபையில் உங்கள் பழைய பெஞ்சுக்குத் திரும்பிவிட்டீர்கள். எல்லோருக்கும் மன்னிப்பு என்று ஒரு சட்டம் போடுகிறீர்களாமே. 'இவர்கள் நீங்கலாக' என்று ஒரு பட்டியலும் தயாராகிறதாம். ராஜாவின் வழக்கில் ஒரு நாள் உட்கார்ந்தவன்கூட அதில் உண்டாம். இரண்டு நாள் உட்கார்ந்தவனுக்கு என்ன? என் பெயர் வந்திருக்கிறதா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும்.

இப்போது நான் ஒரு சாராயக்காரர் வீட்டு மாடியில் மாவுமூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறேன். தும்மல் வந்தால் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். வெள்ளையாக வெளியே வருகிறேன். என்னைப் பிடித்தால் என்ன செய்வார்கள் என்று வீட்டுக்காரரின் மகள் தெரியாமல் சொல்லிவிட்டாள். முதலில் தூக்குவார்களாம், உயிர் போவதற்குள் இறக்குவார்களாம், அப்புறம் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவி நம் கண் முன்னாலேயே எரிப்பார்களாம். என் வயிறு ஏற்கெனவே ஒருமுறை நாட்டுக்காகக் கஷ்டப்பட்டிருக்கிறது, மச்சான்.

அந்தக் கடிதங்களை நீங்கள் எரிக்கவில்லை என்று தாமசின் சொல்கிறாள். நாலு தடவை எரிக்கச் சொன்னவன் நான். இப்போது கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், எரிக்காமல் இருந்தால் அந்த முதல் கடிதத்தைச் சபையில் படியுங்கள். நான் ராணுவத்தின் ஆளாக அங்கே உட்காரவில்லை, தூங்கிப்போனதால் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததால் இழுபட்டேன் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. மானம் போகும். போகட்டும். ஊர் சிரித்தால் கழுத்து தப்பும்.

தாமசினுக்கு நான் இருக்கும் இடம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பதிலை அவளிடம் கொடுங்கள்.

பார்னபி


வெஸ்ட்மின்ஸ்டர்
1660 ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

மூட்டைக்குள்ளிருந்து வெளியே வாரும். தும்மும். உம் பெயர் பட்டியலில் இல்லை.

நேற்று வந்தது. ஒரு சின்னப் பையன், போன மாதம்தான் உறுப்பினரானவன், மீசை இன்னும் முளைக்கவில்லை, "டில்காட் ராஜாவின் வழக்கில் இரண்டு நாள் நீதிபதி, அவரையும் சேர்க்க வேண்டும்" என்று பிரேரணை கொடுத்தான். நான் எழுந்தேன். முதலில் பழைய பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அதை நானே கையில் வாங்கி மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தேன், உம் கையெழுத்து இல்லை. அதற்குப் பிறகும் சபை இறுக்கமாகத்தான் இருந்தது. பின்வரிசையில் ஒருவர், "கையெழுத்துப் போடலைனா என்ன, அந்தத் திருட்டுச் சபையில உக்காந்தாரே. அவர் அவங்க ஆளா இல்லாம எப்படி உள்ள விட்டாங்க?" என்று கத்தினார். அதுதான் கேள்வி. உம்முடைய கழுத்து அந்தக் கேள்வியில்தான் தொங்கியது.

உம் கடிதத்தைப் பிரித்தேன். வாயைத் திறந்து தூங்கியதைப் படித்தேன். வாத்துக்கறிப் பணியாரத்தில் முதல் சிரிப்பு வந்தது. ஆட்டுத் தலையில் பெஞ்சு ஆடியது. அப்படியே நிற்காமல் நிலாவாரை மருந்தையும் படித்துவிட்டேன், மன்னிக்கவும். சபாநாயகர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் வாக்கெடுப்பு. உம்மைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பவர்கள் எழுந்து வெளியே போங்கள் என்றார். சாப்பாட்டு நேரம். சபை நிறைய ஆள், உட்கார இடமில்லாமல் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து போய்த் திரும்பி வந்தால் பெஞ்சு போய்விடும். பாதிப் பேர் எழுந்திருக்கப் பார்த்தார்கள், நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பத்தொன்பது தலை வித்தியாசம். உம்மேல் கருணையால் அல்ல, மாப்பிள்ளை, பெஞ்சுமேல் ஆசையால் பிழைத்தீர்.

இனிமேல் சொல்வதை நீரும் நானும் தவிர யாரும் அறியக்கூடாது. தாமசினுக்கும் வேண்டாம், அவள் கேட்காமலே பாதி ஊகித்துவிட்டாள் என்றாலும். இந்த ஒரு கடிதத்தையாவது படித்தவுடன் நிஜமாகவே எரித்துவிடும்.

நான் படித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, குமாஸ்தாவின் மேஜைமேல் சபையின் பழைய குறிப்பேடு கிடந்தது, எனக்கு ஒரு முழம் தூரத்தில், அந்த வருஷத்துப் புத்தகம்தான். பத்திரத்தின் தேதி பார்ப்பதற்காக எடுத்து வைத்திருந்தார்கள். அந்த மீசையில்லாத பையன் கை அதன்மேலேயே இருந்தது. பக்கங்களைச் சும்மா புரட்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தான். என் வாய் உம்முடைய தூக்கத்தைப் படித்தது, கண் அவன் கட்டைவிரலை விட்டு நகரவில்லை. டிசம்பருக்கு நாலு பக்கம் முன்னால் நிறுத்தினான்.

ராத்திரி குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கி, நானே அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நரகத்தில் டெவன்காரக் கிழவர் முதல் நாளே சொன்னதுதான். ஆனாலும் எழுத்தில் பார்ப்பது வேறு. 1648 டிசம்பர் 5, காலை. 'ஆம்' என்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'இல்லை' என்றவர்கள் எழுந்து வெளியே போனார்கள். தூங்குகிறவன் எழுந்து போக மாட்டான், மாப்பிள்ளை.

ஒ. கேரவே